கிரேஸி மோகனை வெட்டி ஒட்ட வேண்டாம்

2019 ஜூன் 10, திங்கட்கிழமை. அன்று காலை பெங்களூரில் கிரீஷ் கர்னாட் காலமானார். பிற்பகல் சென்னையில் கிரேஸி மோகன் காலமானார். ஒரே நாளில் இரண்டு நாடகாசிரியர்கள் போனார்கள். ஆனால் அன்று மாலை நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் நாடகாசிரியர் என்ற பெயர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. கர்னாட் என்றதும் 'துக்ளக்', 'ஹயவதனா', 'நாகமண்டலா', 1998இல் ஞானபீடம் என்று முறையாகச் சொன்னார்கள். மோகன் என்றதும் 'கமல் படங்களின் நகைச்சுவை வசனகர்த்தா' என்றார்கள். 'அவ்வை சண்முகி'யிலிருந்து ஒரு துண்டு, 'பஞ்சதந்திர'த்திலிருந்து ஒரு துண்டு, 'வசூல்ராஜா'விலிருந்து ஒரு துண்டு, நடுநடுவே திரையுலகத்தாரின் இரங்கல்.

அன்றைய அவசரம் என்று அதை விட்டுவிடலாம். சாவுச் செய்தி வந்த இரண்டு மணி நேரத்தில் கைக்குக் கிடைத்ததைத்தான் போட முடியும். ஆனால் பிறகு இத்தனை வருஷமாகப் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் நான் பார்க்க நேர்ந்த சிறப்பு நிகழ்ச்சிகளும் அந்த முதல் மாலையின் நகலாகவே இருக்கின்றன. படக் காட்சிகள், சினிமாக்காரர்களின் நினைவுகள், அவர் எழுதிய வெண்பாக்கள், வரைந்த ஓவியங்கள், மந்தைவெளி வீடு. மேடைக்கு ஒரு பழைய புகைப்படமும் ஒரு வாக்கியமும். 1976இலிருந்து சாகும்வரை நாற்பத்து மூன்று வருஷம் அந்த மனிதர் விடாமல் செய்த வேலைக்கு ஒரு வாக்கியம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. சிறுபத்திரிகை படிப்பவர்கள், நவீன நாடகம் பார்ப்பவர்கள். இவர்களுக்குத் தொலைக்காட்சி பிடிக்காது, கிரேஸியும் பிடிக்காது. சபா நாடகம் என்பது துணுக்குத் தோரணம். கதை கிடையாது, கட்டுக்கோப்பு கிடையாது. மயிலாப்பூர் மாமாக்கள் மாலையில் சிரித்துவிட்டுப் போக ஒரு ஏற்பாடு. எழுபதுகளிலிருந்து சொல்லிச் சொல்லி இது இன்று கிட்டத்தட்ட ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்ப்பு. கல்லூரிகளில் தமிழ் நாடக வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். இதே சொற்களில் சொல்வார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு கிரேஸி நாடகத்தைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். துண்டு துண்டாக நிறையப் பார்த்திருப்பார்கள்.

என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. பாராட்டுகிற தொலைக்காட்சியும் ஒதுக்குகிற விமர்சகரும் சேர்ந்து ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தொலைக்காட்சி நாடகத்தை முப்பது வினாடித் துண்டுகளாக வெட்டிக் காட்டுகிறது. விமர்சகர் அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, இதில் துண்டுகள் மட்டும்தான் இருக்கின்றன என்கிறார். வெட்டியது யார் என்று கேட்பாரில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாடகத்துக்குச் செல்லாது. அதுவும் ஆள்மாறாட்டத்திலும் பொய்யிலும் ஓடுகிற நாடகத்துக்கு அறவே செல்லாது.

ஏன் செல்லாது என்பதை எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை வைத்தே காட்டுகிறேன். 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'. கதைக்கு மூலம் 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்பது ஊரறிந்தது. படத்தை இயக்கியவர் கே.எஸ். ரவிகுமார், வசனம் மட்டும் மோகனுடையது. அந்த வீட்டுக்குள் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமி வேஷத்தில் இருப்பவர் ஜானகியின் புருஷன் பாண்டியன் என்பது மேக்கப் போட்ட ஜோசப்புக்குத் தெரியும். மாமனார் விஸ்வநாத ஐயருக்குத் தெரியாது; அவர் மாமியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். வீட்டுக்காரர் முதலியாருக்கும் அதே ஆசை, அதே அறியாமை. ஜானகிக்குப் புருஷன் ஆகாது, மாமி உயிர். இரண்டும் ஒரே ஆள். போதாததற்குச் சமையல்கட்டில் பாஷா, ஐயராகவும் ஊமையாகவும் நடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பேரும் ஒரே கூடத்தில் நிற்கும்போது சண்முகி மாமி வாயைத் திறந்தால், அந்த ஒரு வாக்கியம் ஜானகிக்கு ஒரு பொருளும் ஐயருக்கு வேறொரு பொருளும் தர வேண்டும். பார்க்கிற நமக்கு மூன்றாவதாக ஒன்று. யாருக்கும் உண்மை தெரிந்துவிடவும் கூடாது, யாரும் முட்டாளாகவும் தெரியக் கூடாது.

இது ஜோக் எழுதுகிற திறமை இல்லை. ஜோக் எழுதத் தெரிந்தவர்கள் வார இதழ்களில் நூறு பேர் இருந்தார்கள்; நல்லவர்களாகவே இருந்தார்கள். ஐந்து பேரின் அறிவையும் அறியாமையையும் இரண்டு மணி நேரம் பிசகாமல் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக நகர்த்துவது நாடகாசிரியனின் வேலை. அந்தக் கூடத்துக் காட்சியில் ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டால் சிரிப்பு வரும், ஆனால் எழுதியவன் செய்த காரியம் கண்ணில் படாது. துண்டு எத்தனை அழகாக இருக்கிறதோ அத்தனைக்கு முழுமை மறைந்துபோகிறது.

இந்த வித்தையை அவர் சினிமாவில் கற்றுக்கொண்டு வரவில்லை. 1972இல், பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோதே, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு 'தி கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு நாடகம் எழுதினார். 1976இல் எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார்; பெயருக்கு முன்னால் கிரேஸி ஒட்டிக்கொண்டது அங்கேதான். 1979இல் சொந்தக் குழுவாக கிரேஸி கிரியேஷன்ஸ். 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 1983இல் கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார்; கவிஞர் வாலி நடிகராகவும், சார்லி என்ற புது நடிகரும் திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான். அவர் வசனம் எழுதிய 'அபூர்வ சகோதரர்கள்' வருவதற்கு அதன் பிறகும் ஆறு வருஷம் இருந்தது. அதாவது சினிமா அவரைக் கூப்பிட்டபோது அவர் கையில் பத்துப் பன்னிரண்டு வருஷ மேடை இருந்தது. சினிமாவுக்குப் போன பிறகும் மேடையை விடவில்லை. 2008இல் தொடங்கிய 'சாக்லேட் கிருஷ்ணா' 500 மேடைகளைத் தாண்டி ஓடியது. சினிமாவுக்கு ஏணியாக மேடையைப் பயன்படுத்தியவன் ஏறிய பிறகு முப்பது வருஷம் ஏணிக்கே திரும்பி வந்துகொண்டிருப்பானா?

மேடையில் என்ன நடக்கிறது என்று ஓரத்து நாற்காலியிலிருந்து கவனித்திருக்கிறேன். ஓரத்திலிருந்து பார்த்தால் நடிகரின் முகத்தைவிட அவர் கை நன்றாகத் தெரியும். ஒரு வரிக்கு அரங்கம் சிரிக்கிறது. அடுத்த வரியை உடனே சொன்னால் சிரிப்பில் அமுங்கிப்போகும்; சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் செத்துப்போகும். நடிகர் காலி காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகிறார், ஒரு மிடறு குடிக்கிற பாவனை, டம்ளரைக் கீழே வைக்கிறார், சிரிப்பு இறங்குகிற சரிவில் அடுத்த வரி வருகிறது. அந்தக் காட்சியில் அவர் கையில் டம்ளர் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பு எங்கே வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணக்கிட்டு அங்கே நடிகருக்குக் கைவேலை கொடுத்திருந்தார்கள். எழுத்தும், எஸ்.பி. காந்தனின் இயக்கமும், மாது பாலாஜியைப் போல வருஷக்கணக்காக ஒரே குழுவில் ஊறிய நடிகர்களும் சேர்ந்தால்தான் இது நடக்கும். தொலைக்காட்சித் துண்டில் அந்த டம்ளர் வராது. வந்தாலும் காபி குடிக்கிறார் என்றுதான் தெரியும்.

இனி அந்த மயிலாப்பூர் முத்திரை. நான் அம்பத்தூர்க்காரன் என்பதால் இது என்னைக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போனது சுந்தரம்–கிளேட்டன் நிறுவனத்துக்கு. அதன் ஆலை பாடியில் இருந்தது. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக நிற்கும் அதே பாடி. அங்கிருந்து மேற்கே வந்தால் 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, டி.ஐ. சைக்கிள், அந்நாளைய டன்லப், இன்னும் போனால் ஆவடி டாங்கி ஆலை. சென்னையின் சம்பளக்காரக் குடும்பங்களில் பெரும் பகுதி இந்த வரிசையில்தான் உருவானது. வேலைக்குப் போனபடியே நாடகம் எழுதத் தொடங்கிய ஒருவரைப் பற்றிய படம் மந்தைவெளியில் தொடங்கி மயிலாப்பூரில் முடிகிறது என்றால், அவர் வாழ்க்கையில் ஒரு பாதியைக் காணோம் என்று பொருள். இத்தனைக்கும் இன்று பெரிய தொலைக்காட்சி அரங்குகளே பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் வந்துவிட்டன. அங்கே படப்பிடிப்பு நடத்துகிறவர்களுக்குப் பாடி தூரமில்லை.

இன்ஜினியர் என்பதால் இயந்திரம் மாதிரி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அது பின்னணிக் குரலுக்கு ஏற்ற சுலபமான வாக்கியம். ஆலையும் ஆபீசும் அவருக்குக் கொடுத்தது வேறு. மேனேஜரிடம் லீவு கேட்கப் பயப்படுகிற ஆளை அவருக்குத் தெரியும். அந்த ஆள் பாட்டி செத்துவிட்டாள் என்று சொல்லி லீவு எடுப்பான். மறுநாள் மேனேஜர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிடுவார். பாட்டி உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். இப்போது பாட்டியை வேறு யாராகவாவது ஆக்க வேண்டும். ஆக்கிய பிறகு அந்த வேறு யாரோவுக்கு ஒரு ஊர் வேண்டும், ஒரு புருஷன் வேண்டும். இது எந்த நாடகத்திலும் உள்ள காட்சி என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் நடந்திருக்கக்கூடியது. மோகன் நாடகங்களின் நாயகன் மாதுவின் உலகம் இதுதான். கடன், பிராவிடண்ட் ஃபண்ட், மாமனார், மேலதிகாரி, ஒரு பொய், அதைக் காப்பாற்ற இரண்டாவது பொய். மயிலாப்பூரில் மட்டும் விளைகிற சரக்கா இது? கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் மாதம் முதல் தேதிக்குக் காத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பயம் தெரியும்.

ஆலைகளுக்குப் போய்வந்தவர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன் நான். அங்கிருந்து சபா நாடகத்துக்குப் போவதென்றால் சும்மா இல்லை. இரண்டாவது ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்க்க வேண்டும், மின்சார ரயிலில் சென்ட்ரல் போக வேண்டும், அங்கிருந்து பஸ். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும் என்பது இவர்களுக்குப் பெரிய விஷயம்; ஆவடி ரயிலுக்கு அந்தக் கணக்கு வேண்டும். அப்படிப் போய்வந்தவர்கள் மறுநாள் கேண்டீனில் நாடகத்தைத் திரும்பச் சொல்வார்கள். ஒற்றை வசனங்களாகச் சொல்ல மாட்டார்கள். முதலில் இவன் இப்படிப் பொய் சொன்னான், அதனால் அவன் வந்தான், அவன் வந்ததால் இவள் இப்படி நினைத்தாள் என்று வரிசையாகச் சொல்வார்கள். கதையே இல்லாத நாடகத்தை எவராலும் அப்படிச் சொல்ல முடியாது.

வேலையிலிருந்தபடி மேடைக்கு வந்தது மோகன் மட்டுமில்லை. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலிக்காரர். அமெச்சூர் தமிழ் மேடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மாலை ஐந்தரைக்குப் பிறகு ஒத்திகைக்கு ஓடியவர்கள். பொழுதுபோகாதவர்களின் பொழுதுபோக்கு என்று இதைச் சொல்கிறவர்கள், அந்த ஐந்தரை மணிக்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்ததில்லை.

நவீன நாடக நண்பர்களுக்கு ஒரு தேதி வரிசையை நினைவூட்ட வேண்டும். கூத்துப்பட்டறை 1977. ஞாநியின் பரீக்ஷா 1978. கிரேஸி கிரியேஷன்ஸ் 1979. மூன்றும் ஒரே ஊரில், அடுத்தடுத்த வருஷங்களில். அதற்கு அடுத்த வருஷம் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' மேடையேறுகிறது. தமிழ்நாட்டின் அரசியல் நாடகங்களில் இன்றும் பேசப்படுகிற அந்த நாடகம் கூத்துப்பட்டறையிலிருந்து வரவில்லை. சபா மேடையிலிருந்து வந்தது. சோவின் 'முகம்மது பின் துக்ளக்' 1968இல் வந்ததும் அதே சபா மேடையில்தான். கர்னாட்டின் 'துக்ளக்' கன்னடத்தில் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே சுல்தானை வைத்து இரண்டு மொழிகளில் இரண்டு வேறு திசைகள். சபா என்றாலே இன்னதுதான் என்று முடிவுகட்டுவது வரலாறு தெரியாமல் பேசுவது. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. தெருக்கூத்தை அவர் பார்த்த கண்ணால்தான் நகரத்தில் பலர் பார்க்கக் கற்றுக்கொண்டோம். ஆனால் அந்த மரியாதை கிரேஸியை ஒதுக்கினால்தான் நிற்கும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

தெருக்கூத்து என்றதும் இன்னொன்று. எல்லா நாடகத்திலும் அதே மாது, அதே சீனு, அதே ஜானகி. கற்பனை வறட்சி என்பார்கள். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகிற வழியெங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்கள் உண்டு. கர்ணன் சாகிற இரவானாலும் சரி, துகில் உரிகிற இரவானாலும் சரி, கட்டியங்காரன் வருவான். அதே ஆள், அதே குறும்பு, ராஜாவிடமே வம்பு. நேற்றும் இவன்தானே வந்தான் என்று எந்தக் கிழவியும் எழுந்து போவதில்லை. அவன் யாரென்று தெரிந்திருப்பதால்தான் அவன் வாய் திறக்குமுன்பே கூட்டம் தயாராகிறது. அவனை இன்றைக்கு எந்த இக்கட்டில் மாட்டிவிடப்போகிறார்கள் என்பதில்தான் புதுமை. மாதுவும் அப்படி ஒரு ஆள். கூத்தில் இதை மரபு என்று ஆய்வு செய்கிறவர்கள் சபாவில் இதையே வறட்சி என்று எழுதினால், அவர்கள் பார்ப்பது நாடகத்தை அல்ல, இடத்தை.

நகைச்சுவை நாடகம் தமிழ் மேடைக்குப் பின்வாசல் வழியாக வந்ததுமில்லை. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் எழுதியவற்றில் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது 'சபாபதி'. எஜமானனுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். பெயர்க் குழப்பமே நாடகம். 1941இல் அது ஏ.வி. மெய்யப்பனின் படமாகவும் வந்தது. கமலும் மௌலியும் மோகனும் சேர்ந்து 2002இல் ஒரு படத்துக்குப் 'பம்மல் கே. சம்பந்தம்' என்று பெயர் வைத்தபோதும், அதற்கு முன்பு சாலைப் பலகையிலிருந்து எடுத்த பெயராக 'அவ்வை சண்முகி' வந்தபோதும் அவர்கள் யாருக்கு வணக்கம் சொன்னார்கள் என்பது மேடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்று சம்பந்த முதலியார், மற்றது அவ்வை டி.கே. சண்முகம், கமல் சின்ன வயதில் பயின்றது டி.கே. சண்முகத்திடம். தொலைக்காட்சி இந்தப் படங்களிலிருந்து நூறு முறை துண்டு போட்டிருக்கிறது. பெயரே மேடைக்கு வைத்த வணக்கம் என்பதை நான் பார்த்த எந்த நிகழ்ச்சியிலும் சொல்லக் கேட்கவில்லை.

தமிழுக்கு வெளியே பாருங்கள். மராத்தியில் பு.ல. தேஷ்பாண்டே என்று ஒருவர். நாடகம், தனிநடிப்பு, இசை, நகைச்சுவைக் கட்டுரை எல்லாம் அவர் கை. மக்களைச் சிரிக்க வைத்ததற்காக மராத்தியர்கள் அவரை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. 1965இல் சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குத்தான் போனது; மும்பையில் மாநில அரசின் கலை மையத்துக்கே அவர் பெயர். பிரான்சில் தேசிய நாடக அரங்கை மோலியேரின் வீடு என்றுதான் அழைக்கிறார்கள்; மோலியேர் எழுதியது முக்கால்வாசியும் கஞ்சன், வேஷதாரி, நோயாளி என்று பாவிப்பவன் ஆகியோரை வைத்துச் சிரிப்பு நாடகங்கள். 1997இல் நோபல் வாங்கிய இத்தாலியின் தாரியோ ஃபோ முழுநேரக் கோமாளி. ஃபோ அரசியல் பேசினார், கிரேஸி பேசவில்லையே என்று கேட்பார்கள். பேசவில்லைதான். அதை ஒரு குறையாகக் கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அரசியல் இல்லாத நாடகம் நாடகமே இல்லை என்றால் உலக மேடையில் பாதியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

குறையே இல்லாதவர் என்று வாதாட நான் வரவில்லை. உண்மையான குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பேசவிடாமல் செய்ததும் இந்தத் துண்டு வியாபாரம்தான். ஜானகியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தனக்கு வழிகாட்டிய ஆசிரியையின் நினைவாக மோகன் தன் நாயகிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். 'அபூர்வ சகோதரர்கள்', 'அவ்வை சண்முகி', 'தெனாலி', 'பம்மல் கே. சம்பந்தம்', 'வசூல்ராஜா' என்று படம் படமாக ஜானகி வருகிறாள். நன்றி நல்லது. ஆனால் நாடகங்களில் அந்த ஜானகிக்கு என்ன வேலை? சந்தேகப்படுவாள், கோபித்துக்கொள்வாள், கடைசியில் சமாதானமாவாள். பொய் சொல்லித் தப்பிக்கிற சுகம், அடுத்த நிமிஷம் என்ன செய்யலாம் என்று மூளை பறக்கிற சுகம், அது பெரும்பாலும் ஆண்களுக்கே. பெண்களுக்கு அதைக் கொடுக்கத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. 1994இல் 'மகளிர் மட்டும்' படத்துக்கு வசனம் எழுதியவர் அவர்தான். அங்கே திட்டம் போடுவது, மாட்டிக்கொள்வது, சமாளிப்பது எல்லாம் மூன்று பெண்கள். அந்தச் சுதந்திரம் ஏன் மேடை ஜானகிக்கு வரவில்லை? அதேபோல, 'வசூல்ராஜா'வில் சென்னைத் தெருத் தமிழை அத்தனை லாகவமாக எழுதியவர், மேடையில் ஏன் ஒரே வகை வீட்டுக் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை? எங்கள் பக்கத்து ஆலைகளில் அவர் பார்த்திருக்கக்கூடிய ஃபிட்டரும் டர்னரும் மேடையேறவே இல்லையே?

இவை கடுமையான கேள்விகள். ஒரு நாடகாசிரியனைப் பார்த்துத்தான் இவற்றைக் கேட்க முடியும். துணுக்கு எழுதுபவரிடம் உங்கள் நாயகிக்கு ஏன் செயல் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. கிரேஸியை நாடகாசிரியர் இல்லை என்று தள்ளியவர்கள் அவரைத் தண்டித்ததாக நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நாற்பது வருஷம் அவரை எவரும் சரியாக விமர்சிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த விமர்சனம் உயிரோடு இருந்தபோது கிடைத்திருந்தால் அடுத்த ஜானகி வேறு மாதிரி வந்திருக்கலாம்.

ஓடியதால் மட்டமானது என்ற எண்ணம் இன்னொன்று. ஒரே நாடகத்துக்கு நூற்றுக்கணக்கான முறை ஆட்கள் வந்தால் அதில் சரக்கு இருக்காது என்று ஒரு ஐயம். மேடையில் பழகியவர்களுக்கு இது எதிர்ப்பக்கமாகத் தெரியும். புத்தகத்தை அச்சடித்து வைத்துவிடலாம். வாசகன் இருபது வருஷம் கழித்து வரலாம். நாடகத்துக்கு அன்றைக்கு ஏழு மணிக்கு ஆள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எது ஓடவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும், திருத்த வேண்டும், மறுவாரம் திரும்பப் போட வேண்டும். நூற்றுக்கணக்கான முறை இப்படித் திருத்தப்பட்ட பிரதி தமிழில் எத்தனை இருக்கிறது? அதை ஒரு முறைகூட முழுதாகப் படிக்காமல் வெற்றியைக் காட்டியே ஒதுக்குவது சோம்பல்.

தொலைக்காட்சிக்கு இது முடியாத காரியமும் இல்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கிய பிறகு, செவ்வாய்க்கிழமை என்றால் நாடகம் என்று ஒரு தலைமுறைக்கே பழக்கமாகியிருந்தது. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டுக் குழந்தைகள் அங்கே இருக்கும். முழு நாடகம். சபா நாடகக் குழுக்கள் அரங்குக்கு வெளியே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும், ரயில் பிடிக்க முடியாத வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது அந்தப் பெட்டி வழியாகத்தான். ஒரே ஒரு அலைவரிசை, கொஞ்சம் காசு, இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிற அளவுக்கு எளிய கேமராக்கள். அப்போது முடிந்தது இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிற ஏராளமான அலைவரிசைகளுக்கு முடியாது என்றால் மனமில்லை என்றுதான் பொருள்.

ஆகவே அடுத்த ஜூனில் இன்னொரு சிறப்பு நிகழ்ச்சிக்குத் திட்டம் போடுகிற தயாரிப்பாளருக்குச் சொல்கிறேன். கமல் படங்களை ஒரு வருஷம் அலமாரியிலேயே வையுங்கள். அவற்றை எல்லோரும் பார்த்தாயிற்று. அவருடன் மேடையில் நின்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். விளக்கு போட்டவர், செட் மாற்றியவர், இருட்டில் சோபாவை நகர்த்தி வைத்தவர், பின்னணியில் இருந்து வசனம் எடுத்துக்கொடுத்தவர். எந்த வரி எந்த ஊரில் ஓடவில்லை, அதை எப்படி மாற்றினார் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் நினைவு மங்குவதற்குள் கேளுங்கள். பாடிக்கு ஒரு நாள் கேமராவை எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் காலத்தில் அவரோடு வேலை பார்த்த ஓய்வுபெற்றவர்கள் இங்கே வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் இருக்கக்கூடும். சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் விசாரித்தாலே போதும்.

பிறகு ஒரு நாடகத்தை முதல் மணியிலிருந்து கடைசி வணக்கம்வரை வெட்டாமல் எடுங்கள். மூன்று கேமரா போதும். ஒன்று கட்டாயம் ஓரத்தில் இருக்கட்டும், இன்னொன்று அரங்கத்தைப் பார்க்கட்டும். அதை முழுதாக ஒளிபரப்புங்கள். துணுக்குத் தோரணம் என்று எழுதியவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதை இருக்கிறதா இல்லையா, ஜானகிக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று அதற்கு அப்புறம் பேசலாம். நானும் வருகிறேன்.